என் பெயரில் மூன்றில் ஒரு பங்கு

மார்ச் 4, திங்கள்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இதைப் படிக்கப்போவது நான் ஒருவன்தான். என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோட்டின் மேல் நிற்கச் சொன்னால் எழுத்துகள் வாத்துக் கூட்டம்போல் கீழே இறங்கி ஓடுகின்றன. அறுபத்தொன்பது வயதில், விகாரையில் எட்டு மாதம் கெமர் எழுத்துப் படித்தவனுக்கு இவ்வளவுதான் வரும்.

எழுதத் தெரிந்ததில் பெரிய சந்தோஷம் எது? இத்தனை வருடம் மனதுக்குள் திட்டியதை இனி எழுதி வைக்கலாம். முதலில் வுத்தி. வுத்தி ஊதிப்போன தவளை.

ஆகா! இன்னொரு முறை. வுத்தி ஊதிப்போன தவளை.

நான் கூட்டிப் பெருக்கி மதியச் சோறு ஆக்கும் கணினி அலுவலகத்தில் அவன்தான் தலைவன். என்னைக் 'கிழவா' என்பான். அவன் காப்பியில் நான் சிட்டிகை உப்புப் போடுகிறேன். அது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 5, செவ்வாய்

மருத்துவமனைக்கு ஒரு வேலை முடிந்திருக்கிறது. மருந்துப் பொட்டலத்தில் ஒட்ட, நோயாளியின் பெயரைச் சீட்டில் அச்சடிக்க வேண்டும். மேல் பாதியை மாலிஸ் என்ற பெண் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதினாள். அச்சுப்பொறியோடு பேசும் கீழ்ப் பாதி வுத்தியின் பழைய சி மொழி நிரல். இரண்டுக்கும் நடுவில் பெயரைக் கைமாற்றும் இணைப்பையும் அவனே எழுதினான். அடுத்த திங்கள் ஒப்படைப்பு.

"மாலிஸ், என் பேர்ல ஒண்ணு அடிச்சுக் குடேன். சோத்துப் பானையில ஒட்டணும்."

"நீங்களே தட்டுங்க தாத்தா. அதான் படிச்ச மனுஷனாச்சே!"

ஒற்றை விரலால் தட்டினேன். ப்ரும் சாருன். சீட்டு வந்தது: 'ப்ர'. அதன் பிறகு ஒரு கறுப்புக் கட்டம். அவ்வளவுதான்.

வுத்தி எட்டிப் பார்த்தான். "தன் பேரையே எழுதத் தெரியல, இதுக்கு எட்டு மாசம் படிப்பாம்! கிழவா, பன்னெண்டு வருஷமா ஓடுற நிரல் இது. போ, மீன் தீயுது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மாலிஸ் சிரிக்கவில்லை.

மார்ச் 6, புதன்

உப்பு இரண்டு சிட்டிகை.

மார்ச் 7, வியாழன்

மாலையில் விகாரைக்குப் போய் ஆசிரியரிடம் என் பெயரை எழுதிக் காட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டாம் முறை கேட்டேன். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

எனக்கு என்ன ஆச்சு? பேரு போச்சு, அதான் ஆச்சு!

இன்னொரு கவலையும் இருக்கிறது. என் மனைவி பெயர் சோப்பால். அவள் இரத்த அழுத்த மாத்திரை வாங்குவது அந்த மருத்துவமனையில்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெயர் இப்படி வெட்டுப்பட்டு, வேறு யாருடைய பொட்டலத்தை மாற்றிக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவாள்.

மார்ச் 8, வெள்ளி

பெண்கள் தினம், விடுமுறை. சாவி என்னிடம்தான். திருடனைப்போல் உள்ளே போனேன். மாலிஸ் காட்டியபடியே கணினியைத் திறந்தேன்.

'சோறு' தட்டினேன், வெட்டுப்பட்டது. எங்கள் ஊர் 'சங்கே ஆறு' தட்டினேன், வெட்டுப்பட்டது. மனைவி பெயரும் அப்படியே. எல்லாவற்றிலும் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. கடைசியாக அவன் பெயரைத் தட்டினேன். தவளைக்கும் தலைதான் வந்தது! தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

குப்பைக் கூடையைக் கொட்டும்போது அவர்கள் சோதித்த பழைய சீட்டுகளைப் பார்த்தேன். ஐம்பது அறுபது இருக்கும். ஒன்றைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்து.

மார்ச் 9, சனி

மாலிஸிடம் அந்தச் சீட்டுகளையும் நான் அடித்தவற்றையும் கொடுத்தேன். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ தாத்தா... நாங்க ஒருத்தர்கூட நம்ம எழுத்துல தட்டிப் பாக்கல. பழக்கம்! எப்பவும் இங்கிலீஷ்லதான் பேரைத் தட்டுவோம்."

"அதுக்கு ஏன் வெட்டணும்?"

"சி-க்குப் பேரைக் குடுக்கும்போது, இது எத்தனை பைட் இடம் பிடிக்கும்னு அளவும் சொல்லணும். இங்கிலீஷ் எழுத்துன்னா ஒண்ணுக்கு ஒரு பைட். நம்ம எழுத்து ஒண்ணுக்கு மூணு. உங்க பேரு கணினிக் கணக்குல பதினோரு எழுத்து. நடுவுல இருக்கிற இணைப்பு எழுத்தை எண்ணி 'பதினொண்ணு'ங்குது. கீழ இருக்கிறது பதினோரு பைட்டை வாங்கிட்டுக் கதவைச் சாத்திடுது."

"அந்த இணைப்பை எழுதினது யாரு?"

மாலிஸ் வுத்தியின் நாற்காலியைப் பார்த்தாள். நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக அவன் வரும் வழியில் போய் நின்றுகொண்டேன்.

அவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். கத்தினான். "என் நிரல்ல தப்பே கிடையாது!" மாலிஸ் அவன் பெயர்ச் சீட்டை நீட்டினாள். படித்தான். திருப்பிப் பார்த்தான், மீதிப் பெயர் பின்பக்கம் இருப்பதுபோல். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருட்டும்வரை வெளியே வரவில்லை. மீன் குழம்பு ஆறிப்போனது. எனக்குப் பசி நன்றாக எடுத்தது.

மார்ச் 11, திங்கள்

காலையில் வுத்தி சமையல் மேசைக்கு வந்தான். கையில் ஒரு தாள், அதில் நாற்பது பெயர்கள்.

"தாத்தா, ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் நம்ம எழுத்துல தட்டிப் பாக்கணும். நீங்க தட்டினா நல்லது."

தாத்தாவாம்! ஏழு வருடத்தில் முதல் முறை.

"எனக்குத்தான் எழுதத் தெரியாதே," என்றேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒற்றை விரலால் நாற்பதையும் தட்டினேன். மதியம் தாண்டிவிட்டது. அவன் பின்னால் நின்றுகொண்டே இருந்தான். நாற்பதும் முழுசாக வந்தன. நாற்பத்தொன்றாவதை என் கணக்கில் தட்டினேன். இந்த நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன்: ப்ரும் சாருன். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

இன்று அவன் காப்பியில் உப்புப் போடவில்லை. சர்க்கரையும் போடவில்லை.

முதல் பக்கத்தில் 'தவளை' இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். விரல் வலிக்கிறது. அடுத்த வாரம் யோசித்து எழுதுகிறேன்.