செவலை ஒதுக்கிய கை

அத்தை,

இன்றைக்குச் சாயங்காலம் கீழ் வீட்டுப் பெண் கொசுத் தொல்லை தாங்காமல் ஒரு பழைய சட்டியில் தேங்காய் நாரைக் கொளுத்தி, மேலே வேப்பிலையை அள்ளிப் போட்டுப் புகை மூட்டியிருந்தாள். வாசனை மாடிக்கு ஏறி வந்ததுதான் தெரியும். குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி, சட்டி நிறையத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே வந்தால், சிறுசேரி ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்த உங்கள் பேரன் சிரிக்கிறான், அம்மா ஃபயர் சர்வீஸில் சேர்ந்துவிட்டாளாம். அவனுக்கு என்ன தெரியும். அது நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை.

நான் பொழிச்சலூருக்கு உங்கள் மருமகளாக வந்தது எண்பதுகளின் நடுவில். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். மாட்டை ரோட்டில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ வாசலைத் தாண்டினால் மாட்டுக்கொட்டாய். கறுப்பியும் அவள் கன்றும் ஒரு பக்கம், சினையாக இருந்த செவலை ஒரு பக்கம். செவலை தலையை ஆட்டினாலே நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். "ரயிலுக்கு பயப்படாதவ மாட்டுக்கு பயப்படுறா பாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வீர்கள். எனக்குக் கோபமாக வரும். திருப்பிச் சொல்ல வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன். மாமா போன பிறகு, பால் வியாபாரத்தை வைத்தே உங்கள் மகனைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியவர் நீங்கள். உங்கள் வாய்க்கு எதிரே நிற்கத் தெருவில் ஆளில்லை.

கொட்டாயில் கொசு விரட்ட மூட்டம் போடுவதில் உங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சட்டியை வைத்தால்தான் புகை மாடுகள் மேல் படரும். உமியும் வறட்டியும் கனிந்ததும் பச்சை வேப்பிலை. ஈரப் புகை போதுமான அளவு சுற்றியதும் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் பால் ஊற்றக் கிளம்புவீர்கள். அன்றைக்கு ஆடிக் கூழ் ஊற்றும் நாள். அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. பாலைச் சீக்கிரம் ஊற்றிவிட்டு அம்மனைப் பார்க்கப் போக வேண்டும் உங்களுக்கு. மழை பெய்து கொசு அப்பிக்கொண்டிருந்ததால், இன்னும் கொஞ்சம் புகையட்டும் என்று சட்டியை அப்படியே விட்டுப் போனீர்கள். மேல்காற்று நின்று கடல்காற்று திரும்பியது. சட்டிக்கு அந்தப் பக்கம், பொறி பறக்கும் திசையில், வைக்கோல் போர் இருந்தது.

இருட்டக்கூட இல்லை. நான் ஸ்டவ்வில் குழம்பு வைத்திருந்தேன். செவலை கத்திய கத்தலில் வெளியே வந்தால் வைக்கோல் போரைப் பிடித்த தீ கொட்டாயின் கீற்றுக் கூரைக்கு ஏறியிருந்தது. எப்படி உள்ளே போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செவலையின் கயிற்றை அவிழ்த்து இழுத்துவந்து வேப்ப மரத்தில் கட்டினேன். கறுப்பி மிரண்டு இழுத்ததில் அவள் கயிற்று முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கை சுட்டு, நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அண்ணன் என்னை இடுப்பைப் பிடித்து வெளியே தூக்கிப் போட்டார். கூரை உட்கார்ந்துவிட்டது. கறுப்பியும் கன்றும் உள்ளேயே போய்விட்டார்கள்.

நீங்கள் காலிப் பால்கேனோடு ஓடி வந்தீர்கள். நெற்றியில் அம்மன் கோயில் குங்குமம். அழுவீர்கள், மண்ணை வாரித் தூற்றுவீர்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். நீங்கள் முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தீர்கள். பிறகு முகத்தை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு பல மாதம் அந்த முகத்தை நிமிர்த்தி யாரையும் பார்க்கவில்லை. பால் இல்லை என்று சொல்ல வாடிக்கை வீடுகளுக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். கேட்டுக்கு வெளியே நின்று தரையைப் பார்த்தே பேசினீர்கள். ஐயோ பாவம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடி வாங்கியதுபோல் சுருங்கிப் போவீர்கள். கட்டிப்போட்ட வாயில்லாத ஜீவனைக் கொளுத்திவிட்டு வந்தவளுக்கு என்ன பாவம் என்று வழியெல்லாம் முனகுவீர்கள்.

ஊர் சும்மா இருக்குமா? மருமகள் வந்த நேரம் என்று ஆரம்பித்தார்கள். எனக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாக இருந்தது. ராசி கெட்டவள் என்று அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவீர்களோ என்ற பயம் வேறு. ஒருநாள் குழாயடியில் என் காதுபடவே ஒருத்தி அதைச் சொன்னாள். நீங்கள் என் பின்னால் வரிசையில் நின்றீர்கள். குடத்தைக் கீழே வைத்தீர்கள். சத்தம் போடவில்லை.

"மூட்டம் போட்டது நானு. அணைக்காம சாமி பாக்கப் போனதும் நானு. இவ கைய சுட்டுக்கினு ஒரு மாட்ட இழுத்துக்கினு வந்தா. பேசணும்னா என் மூஞ்சிய பாத்து பேசு."

அத்தனை நாள் கழித்து அப்போதுதான் முகத்தை நிமிர்த்தினீர்கள். நான் உங்களோடு ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான், அத்தை. அதற்கு முன்னால் உங்களைப் பிடிக்கவே பிடிக்காது, இப்போது சொல்வதில் என்ன.

செவலைக்கு முதுகில் ஒரு பக்கம் வெந்திருந்தது. தாம்பரத்திலிருந்து மாட்டு டாக்டர் வந்து களிம்பு கொடுத்தார். நீங்கள் கிட்டே போனாலே செவலை கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாங்கும், உதைக்கும். புண் வலி என்றுதான் முதலில் நினைத்தோம். பயந்துகொண்டே நான் போனால் நின்றது. அதனால் களிம்பு தடவுவதும் தண்ணீர் காட்டுவதும் என் வேலையாயிற்று. புண் ஆறியது. கொட்டாயை மறுபடி கட்டினோம், செவலை கன்று போட்டது. அப்போதும் நீங்கள் மடியில் கை வைத்ததும் ஒரே உதை, சொம்பு பறந்தது. அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்த கை உங்களுடையது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னீர்கள், "அதுக்குத் தெரிஞ்சிகீது". இனிமேல் கொட்டாய் வாசலுக்கு வரமாட்டேன் என்றீர்கள். எனக்குப் பால் கறக்கச் சொல்லிக் கொடுத்தது வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வாயாலேயே. பால் மறுபடி வாடிக்கை வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. நீங்கள் மட்டும் போகவில்லை.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. எப்போதும் நீங்களே மூட்டும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சும் விறகடுப்பை அந்த வாரம் நான் மூட்டினேன். அடுப்படியிலிருந்து நேராகக் கறக்கப் போனால் செவலை என்னையும் உதைத்தது. எனக்கு முழங்கால் வலி பின்னால்தான் தெரிந்தது. முதலில் வந்தது சந்தோஷம். ஓடிவந்து உங்கள் பாயருகே உட்கார்ந்து, அது உங்களை வெறுக்கவில்லை, உங்கள் மேல் அடிக்கும் புகை வாடைக்குத்தான் மிரளுகிறது என்றேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். என்னைத் தேற்றுவதற்குக் கதை கட்டாதே என்றீர்கள்.

விடுவேனா? காய்ச்சல் விட்டதும் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். உங்கள் புடவைகள் எல்லாம் அடுப்படிக் கொடியில் காய்பவை, அத்தனையிலும் புகை. என் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வாயில் துணிப் புடவையை எடுத்தேன். மஞ்சளில் சிவப்புப் பூ. மாமா போனதிலிருந்து காவி நிறம் தவிர எதையும் தொடாத உங்களுக்கு அதைக் கொடுக்க எனக்கும் நடுக்கம்தான். "தாலியறுத்தவ பூப்போட்டுக்கினு நின்னா ஊரு இன்னா சொல்லும்" என்றீர்கள். மாட்டைக் கொளுத்தியவள் என்பதைவிடவா பெரிதாகச் சொல்லும் என்று வாய்தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

தெரு முழுக்கப் பார்த்தது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்தபடி, உங்களுக்குப் பொருந்தாத என் ஜாக்கெட் தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தீர்கள். செவலை மூக்கை நீட்டி உங்களை மோந்து பார்த்தது. நகரவில்லை. நீங்கள் உட்கார்ந்தீர்கள், மடியில் கை வைத்தீர்கள். சொம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது. உங்கள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்து படலைச் சாத்தினேன்.

அதன் பிறகு அந்தப் பூப்புடவைதான் உங்கள் கறவைப் புடவை. ஊர் சிரித்து அலுத்துவிட்டது. செவலையின் கன்று வளர்ந்து கறவைக்கு வந்தது, நீங்கள் வீடு வீடாகப் பால்கேனோடு போனீர்கள், வாய்த்துடுக்கும் கொஞ்சம் திரும்பியது. கொட்டாய்க்கு ஓடு போட்டோம். மூட்டம் மட்டும் இல்லை. மாடுகளுக்குக் கொசுவலை கட்டியவர் பொழிச்சலூரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சில வருஷம் கழித்து, அவசரத்தில் அடுப்படிப் புடவையோடே போய் உட்கார்ந்தீர்கள். செவலை அசைபோட்டபடி நின்றது. நான் பார்த்தேன். நீங்களும் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று முழுவதும் நீங்கள் யாரோடும் பேசவில்லை.

சுற்றிலும் மனை போட்டு வீடுகள் எழும்பி, மேய்க்க இடமில்லாமல் மாடுகளை விற்ற பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு மத்தியானம் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள், "ஏம்மா, செவல என்ன மன்னிச்சிச்சா, இல்ல உன் பொடவையில ஏமாந்துச்சா?"

மன்னித்துவிட்டது அத்தை என்றேன். கடைசியில் உங்கள் புடவையோடேயே நின்றதே, நானே பார்த்தேனே என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"அது மறந்துச்சும்மா. அத நான் மன்னிச்சதுன்னு எடுத்துக்கக் கூடாது."

அந்தத் தீ விபத்துதான் அத்தை, கேட்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் உங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நீங்கள் ஒருதடவைகூட அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. உங்கள் மகன் கறுப்பியை மறந்துவிட்டார், பேரனுக்கு அவள் பேரே தெரியாது, தெருவில் இருந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகு, இப்போது அவளுக்காகத் தலைகுனிய இருப்பது நான் ஒருத்திதான், குனிந்துகொள்கிறேன்.