ஆவணி முகூர்த்தத்தில் எழுதிய பரீட்சை

பழங்காநத்தம், மதுரை
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி மீனா மூன்று பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் ஜாம்நகரில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் ஷிப்டு முடிந்தால் போனை நோண்டாமல் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நினைத்தே எழுதுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் நீ இரண்டு தடவை சரிப்பா சரிப்பா என்பதற்குள் உன் ஆலையில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், நேற்று நம் தெருவில் நடந்தது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அறுபத்து நாலு வயதில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கேட்காமல் ரிஜிஸ்தர் ஆபீஸில் நீ கல்யாணம் செய்துகொண்டாய், அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதே என்று நான் சொன்னது சொன்னதுதான். அதைப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை.

மீனா வெளிநாட்டுப் பிசினஸ் காலேஜில் சேர நுழைவுத் தேர்வு எழுதப்போவது உனக்குத் தெரியும், எனக்குத் தெரிவதற்கு முன்பே உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஜவுளிக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து ஒரு வருஷமாகப் படித்தாள். பாதிப் படிப்பில் பரீட்சையையே மாற்றிவிட்டார்கள். கட்டுரை கிடையாதாம், வடிவியல் கிடையாதாம், அதற்குப் பதில் அட்டவணையும் படமும் கொடுத்து அதிலிருந்து முடிவு சொல்லச் சொல்கிறார்களாம். வடிவியலை எடுத்தது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். எட்டாம் வகுப்போடு வெளியே அனுப்பப்பட்டவன் நான், மோட்டார் காயில் கட்டியே கோணமும் வட்டமும் கற்றுக்கொண்டேன், ஒரு வாத்தியார் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றையும் பாடத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் மீனா மற்றதையெல்லாம் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுதலாமாம், எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மூன்று பாடத்தில் எது முதலில் வேண்டும் என்று பரீட்சையே நம்மைக் கேட்குமாம். ஒரு கேள்விக்குச் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கஷ்டமாக வருமாம். எனக்கும் வாழ்க்கை அப்படித்தான் கேட்டது, ஆனால் தப்பாகச் சொன்னபோதும் கஷ்டமாகவே கேட்டது. எல்லாவற்றையும்விட ஒன்று, பாடத்துக்கு மூன்று விடைகளைத் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாமாம். மூன்றே மூன்று. அதைக் கேட்ட அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு எதற்கு, நான் சொன்ன விடை எதையும் மாற்றுகிற ஆள் இல்லை, ஆனாலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு செய்யும்போது எந்தத் தேதி, எத்தனை மணி என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. இவள் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரையை அமுக்கிவிட்டு வந்து சொல்கிறாள். எமகண்டத்தில் ஆரம்பித்து எவளாவது உருப்படுவாளா? மாற்று என்றேன். அப்பா, கம்ப்யூட்டருக்கு எமகண்டம் தெரியாதுப்பா என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன், மூன்றாம் வேளை இறங்கி வந்தாள். அஷ்டமி நவமி தள்ளி, கரிநாள் தள்ளி, அவள் ராசிக்குச் சந்திராஷ்டமம் தள்ளி, மாதாந்திர மின்தடை நாளையும் தள்ளிப் பார்த்தால் காலண்டரில் ஒரே ஒரு நாள் முத்து மாதிரி நின்றது. ஆவணி வளர்பிறை முகூர்த்தம், வியாழக்கிழமை, காலை பத்தரை. ராகு காலம் ஒன்றரைக்குத்தான், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தேதியை மாற்றி வைத்தாள். காலேஜில் மனு வாங்குவது அடுத்த திங்களோடு முடிகிறது, இனி மாற்ற வழியில்லை, இதில் தவறினால் ஒரு வருஷம் போனது என்றாள். எதற்குத் தவறப்போகிறது, நாள் பார்த்தது யார் என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து வருகிறேன், நம் வீட்டுக்கு நேர் எதிரே பந்தல் போடுகிறார்கள். மீனா எழுதப்போகிற அறை ஜன்னலுக்கு எதிர்க் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். நம் பங்காளி விருமாண்டியின் பேரனுக்கு, அவன் மகன் காளையின் பிள்ளைக்கு, வியாழக்கிழமை காதுகுத்து. நமக்குத்தான் பத்திரிகை வைப்பதில்லையே, எங்கிருந்து தெரியும். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமலே, நல்ல நாளுன்னு நீக பாத்தீகள்ல, ஊரும் அதே காலண்டரத்தான பாக்கும் என்றாள். பரீட்சை நேரத்தில் அறையில் வேறு ஆள் குரல் கேட்டாலே ரத்து செய்துவிடுவார்களாம். கமிஷனருக்கு மனு எழுதப் பேப்பரை எடுத்தேன். மீனா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, மனு குடுத்தா போலீஸ் வரும், அது சைரன் போட்டுக்கிட்டு வரும், நீங்க போய்ச் சொல்லுங்கப்பா, நாப்பது எட்டு வச்சா சித்தப்பா வீடு என்றாள்.

அந்த நாப்பது எட்டை நான் பதினோரு வருஷமாக வைக்கவில்லை. உன் பிளஸ் டூ பரீட்சை சமயம் மாரியம்மன் பொங்கலுக்கு விருமாண்டி தன் சவுண்ட் சர்வீஸில் பாட்டுப் போட்டான், நான் டிக்‌ஷனரி பார்த்து இங்கிலீஷில் மனு எழுதினேன், போலீஸ்காரர்கள் அவன் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பங்காளி வீட்டு நல்லது கெட்டது அன்றோடு நின்றது. செய்தது சரி என்றே இத்தனை நாளும் இருந்தேன். புதன்கிழமை காலை சட்டை மாட்டிக்கொண்டு போனேன். அவன் பந்தலில் உட்கார்ந்து மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், வாங்கண்ணே, நாப்பது எட்டு வார பதினோரு வருசமா, நடந்து களைச்சிருப்பீக, உக்காருங்க என்றான். நான் உட்காரவில்லை. கேட்க வரவில்லை, சொல்ல வந்தேன், நாளைக்குப் பத்தரையிலிருந்து ஒரு மணிவரை மீனாவுக்குப் பரீட்சை, சத்தம் ஆகாது என்றேன். என் குரல் எனக்கே இரண்டாவது தடவை கேட்டது. மைக் ஓடிக்கொண்டிருக்கிறது! நான் சொன்னது குழாய் வழியாகத் தெரு முழுக்கப் போய்விட்டது. மாடி வீட்டு ஆனிமேரி டீச்சர் எட்டிப் பார்க்கிறார், கடை வாசலில் நாலு பேர் சிரிக்கிறார்கள். விருமாண்டி மெதுவாக மைக்கை அமர்த்திவிட்டு, அன்னைக்கு மைக்கப் புடுங்குனீக, இன்னைக்கு மைக்குலயே கேக்குறீக, காலம் எப்புடிப் போகுது பாருங்கண்ணே என்றான். பிறகு சிரிப்பு இல்லாமல், பாட்ட அமத்திருவேன், ஆனா பதினொன்னரைக்கு சோழவந்தான்ல இருந்து தாய்மாமன் சீரு வருது, மேளமும் வெடியுமா, வெத்தலைக் கொடிக்கால்காரவுக, அம்புட்டுப் பேரு வாராக, சம்பந்தியப் போயி நான் எப்புடிச் சொல்ல, சத்தமில்லாம வந்தா திருட்டுச் சீருன்னு ஊரு பேசும்ணே என்றான். அதிலும் நியாயம் இருந்தது. பன்னிரண்டுக்குக் காது குத்துகிற நேரம் என்றும் சொன்னான், பிள்ளை அழாமல் காது குத்த யாராலும் முடியாது. திரும்பி வந்துவிட்டேன். மூன்றில் ஒன்றை அங்கே மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை என்றே நினைத்தேன்.

நேற்றுக் காலை மீனா குளித்துவிட்டு நெற்றியில் துண்ணூறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்போர்ட்டில் என் பெயர்தான் அவளுக்குக் கடைசிப் பெயர், அதனால் கம்ப்யூட்டரில் வந்தவர் மிஸ் வெள்ளைத்துரை என்று கூப்பிட்டார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் என் பெயரை அப்படி மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாராம், சுவரில் எழுத்து இருக்கிற எதுவும் இருக்கக்கூடாதாம். கதவு லேசாகத் திறந்தது, மீனாவின் கை மட்டும் வெளியே வந்தது, அதில் என் தினசரிக் காலண்டர். கதவு சாத்திக்கொண்டது. நாள் பார்த்துக் கொடுத்த காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சரியாகப் பத்தரைக்கு, பாட்டு பாதி வரியில் நின்றது. நம் தெருவுக்குள் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். டீச்சர் வீட்டில் மிக்ஸி போடவில்லை. பால்காரன் வண்டியை அமர்த்தித் தள்ளிக்கொண்டு போனான், முன்தினம் குழாயில் அவனும் கேட்டிருக்கிறான். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

பதினொன்றே முக்கால் இருக்கும். முக்கில் சீர் திரும்பியது. அறுபது எழுபது பேர், பழத்தட்டும் பட்டும் மாலையுமாகப் பெண்கள், ஒரு கிடா, முன்னால் மலைச்சாமி செட்டு மேளம். அவர்களுக்கும் முன்னால் விருமாண்டி செருப்பில்லாமல் பின்னோக்கி நடந்து வருகிறான், உதட்டில் விரல். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், ஒருவரும் அடிக்கவில்லை. கிடா கத்தாதபடிக்கு ஒருவர் அதன் வாயில் அகத்திக் கீரையைக் கொடுத்துக்கொண்டே வருகிறார். கொலுசுச் சத்தம் மட்டும்தான், செல்வம், அத்தனை பேர் நடந்தும் கொலுசுச் சத்தம் மட்டும்தான். நம் ஜன்னலைத் தாண்டும்போது அந்தச் சோழவந்தான் பெண்கள், மீனாவை முன்னப்பின்ன பார்க்காதவர்கள், தட்டைத் தலையிலிருந்து இறக்காமல் ஜன்னலைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடித் திறந்தார்கள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, எழுந்து நின்றேன். பந்தலில் போய் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஆனது. ஆசாரி ஊசியை எடுக்கவில்லை. பன்னிரண்டரை ஆனது. பிள்ளை தாய்மாமன் மடியில் தூங்கிவிட்டான். ஒரு மணி ஆனது. நாள் நேரம் பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும், குறித்த நேரத்தை விட்டுவிட்டார்கள், ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். தங்கள் வீட்டுப் பிள்ளையின் நேரத்தை என் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, ஒருவர்கூடக் கடிகாரத்தை என் பக்கம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்று பத்துக்குக் கதவு திறந்தது. முடிவு அப்போதே திரையில் வந்துவிடுகிறது. மீனா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, நேராகத் தெருவில் இறங்கிப் பந்தல் வாசலில் நின்று, சித்தப்பா, முடிஞ்சிருச்சு, வேணுங்கிற மார்க்குக்கு மேலயே வந்திருச்சு என்றாள். மலைச்சாமி குச்சியை இறக்கினார் பார், அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. மேளமும் வெடியும் குழாயும் குலவையும் ஒன்றாகக் கிளம்பியது, கிடா கத்தியது, பிள்ளை எழுந்து ஊசிக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்தான். நான் ஸ்பீக்கர் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். காதைப் பொத்தவில்லை. ஒன்று இருபதுக்குக் காது குத்தினார்கள். சாப்பிடும்போது விருமாண்டி என் இலையில் கறியை வைத்துக்கொண்டே, அன்னைக்கு மனு எழுதுனது செல்வத்தோட பரீட்சைக்குன்னு எனக்கு நேத்து டீச்சரம்மா சொல்லித்தாண்ணே தெரியும், வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அமத்தியிருப்பேன் என்றான். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

காலண்டரை மறுபடி சுவரில் மாட்டிவிட்டேன். இன்று வெள்ளி, ஆனாலும் வியாழக்கிழமைத் தாளைக் கிழிக்கவில்லை. நாள் நல்ல நாள்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் சிரிக்கட்டும். அடுத்து இன்டர்வியூ வருமாம், அதுவும் கம்ப்யூட்டரில், அதற்கும் நாமே நாள் எடுக்க வேண்டுமாம். நான்தான் பார்ப்பேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் இந்தத் தடவை அஷ்டமியாகப் பார்த்து எடுப்பேன், ஊரில் ஒருவனும் விசேஷம் வைக்க மாட்டான்.

வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பாவுக்கு மறக்காமல் போன் போடு, மலைச்சாமிக்கும் நன்றி சொல், அவர் நம்பரும் அவனிடம் இருக்கிறது. அப்புறம், மூன்று விடை மாற்றலாம் என்றேனே. ஒன்று விருமாண்டி பந்தலில் போனது. இரண்டாவதை இந்தக் காகிதத்தில் எழுதிவிடுகிறேன், போனில் எனக்கு வராது. மருமகள் ஹெப்சிபாவுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். தீபாவளிக்கு இரண்டு டிக்கெட்டாகப் போடு, நாள் நான் பார்க்கவில்லை, நீங்களே பார்த்து வாருங்கள். மூன்றாவது என்னிடமே இருக்கட்டும், நீ வந்து என்னோடு என்ன சண்டை போடுவாய் என்று யாருக்குத் தெரியும்.

இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வெ. என்று நீ தலையெழுத்தில் சுமக்கிற
வெள்ளைத்துரை