பெரியம்மா தன் மகனை மண்டியிட வைத்த நாள்

அன்பு மகள் ஒல்ஜெய்க்கு, இந்த அகாலத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, அஞ்சல் குதிரைக்காரன் விடிந்ததும் கிளம்புகிறான், உன் தம்பி தொலுன் இப்போதுதான் தூங்கினான். நாங்களும் மந்தையும் நலம். நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்க வானத்தை வேண்டுகிறேன். உய்குர் வாத்தியாரிடம் நாமிருவரும் அக்கா தங்கை போல உட்கார்ந்து கற்ற எழுத்து இப்போது கைகொடுக்கிறது.

கடைக்குட்டித் தொலுனுக்கே அடுப்பும் ஜனமும் என்று சொல்லிவிட்டுத்தான் உன் அப்பா கண்ணை மூடினார். ஆனால் துக்கம் முடிவதற்குள் உருதாய் சித்தப்பா, அண்ணன் மனைவியரைத் தம்பி ஏற்பதுதானே வழக்கம் என்று வந்துவிட்டார். நாங்கள் போனால் ஜனமும் அவர் பின்னால் போகும், ஏழு வயதுத் தொலுனுக்கு ஒரு சேணம்தான் மிஞ்சும். உன் அண்ணன் சாகுரிடம், என் பக்கம் நின்றால் பாதி ஜனம் உனக்கு என்று ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். சாகுரைப் போல வளர்ந்த மகனைப் பெற்ற உன் பெரியம்மா குதுகுய் அக்கா, சக்களத்தி பிள்ளைக்காக ஏன் நிற்க வேண்டும் என்றுதான் நான் பயந்துகொண்டே இருந்தேன்.

நேற்று பெரியவர்கள் எல்லோரும் கூடாரத்தில் கூடினார்கள். “இவன் தலைல குல்லாவே நிக்கல, ஜனம் நிக்குமா?” என்று தொலுனைக் காட்டிச் சித்தப்பா சிரித்தார். அக்கா குதிரைப்பாலைக் கலக்குவதை நிறுத்தவில்லை. “குல்லாவ நான் பிடிச்சுக்கறேன் தம்பி. நீங்க முதல்ல ஓநாய் கொண்டுபோற உங்க ஆட்டப் பிடிங்க” என்றார். பிறகு எழுந்து சாகுரைக் கூப்பிட்டு, “இடுப்பு வார கழட்டிக் கழுத்துல போடு, குல்லாவ எடு, தம்பி முன்னால மண்டி போடு” என்றார். ஒல்ஜெய், தலைவனுக்குப் பணியும் அந்த வணக்கத்தைப் பெற்ற மகனிடம் கேட்டபோதும் அவர் குரல் உயரவே இல்லை. சாகுர் தன் தாயையே வெகுநேரம் பார்த்தான், முகம் சிவந்துவிட்டது. நூறு வில்லாளிகளை நடத்துகிறவன், பால்பல் விழுந்த பையன் முன்னால் ஒன்பது முறை தலை வணங்கினான். தொலுனுக்கு என்ன தெரியும், “குளிரும்ணா” என்று அந்த வாரை எடுத்து அவன் இடுப்பில் தானே கட்டிவிட்டான். பணிந்தவனுக்கு ஒரு தலைவன் செய்ய வேண்டியதும் அதுதானே, கிழவர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். பதினேழு வருஷம் ஒரே கணவரோடு வாழ்ந்தும் இந்த அக்காவை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கும்பிடத் தோன்றியது, கை எழவில்லை. வெளியே வந்தபோது, “அழாத, பால் பொங்குது பாரு” என்று மட்டும் சொன்னார். சாகுர் இன்னும் அவரோடு பேசவில்லை.

சித்தப்பா விடவில்லை, இலையுதிர்காலப் பெருங்கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று போயிருக்கிறார். அங்கே சம்பந்தி வீட்டார் நம் பக்கம் உட்கார்ந்தால்தான் நேற்று நடந்தது நிற்கும். உன் மாமனார் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள், மாமியார் காதில் முதலில் போடு. வர மாட்டார் என்றால் அதையும் மறைக்காதே. அப்படியென்றால் தொலுன் உயிரோடாவது இருக்கட்டும் என்று நான் கூட்டத்துக்கு முன்பே உருதாயின் கூடாரத்துக்கு மனைவியாகப் போய்விடுவேன். பனியில் குதிரை ஏறாதே. வானம் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். அவர் வருவாரா மாட்டாரா, சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
பயலுன்