கோலப் போட்டிப் படம்

பெம்பான்,
22.1.2025

அன்புள்ள ராணிக்கு,

போனை அவர் பிடுங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் கடிதம். மாமியார் இறந்து வருஷம் திரும்பவில்லை, பண்டிகை வேண்டாம் என்றேன். "கோலம் போட ஆள் இல்லடி, ஓரமா உக்காந்து போட்டுட்டுப் போயிடு லா, யாரு பாக்கப் போறா?" என்று நீதான் உன் நூலகத்துக்கு இழுத்தாய். இப்போது நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம் நூலக ஃபேஸ்புக்கில், என் பெயரோடு! நாத்தனார் திலகா கீழேயே எழுதிவிட்டாள்: "எங்கம்மா போயி வருஷம் திரும்பல, அண்ணிக்குப் பொங்கல் கேக்குதா?"

படத்தை எடுத்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் மலர்

மலாக்கா,
27.1.2025

என் மலருக்கு,

அழுகையாக வருகிறது. நூலக ஆல்பத்தில் எந்தப் படத்துக்கும் கீழே பெயர் எழுதாமல் நான் விட்டதில்லை. அதே பழக்கத்தில் உன் பெயரையும் சேர்த்தேன். அது உன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போய்ச் சேரும் என்று ஃபேஸ்புக் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பெயரை எடுத்துவிட்டேன்.

படத்துக்குத்தான் லைக் குவிகிறது. "மாச ரிப்போர்ட் போகட்டும் லா, அப்புறம் எடுக்கலாம்" என்கிறார் மேலாளர். இத்தனை வருஷத்தில் என்னை இங்கே யாரும் பாராட்டியதில்லையடி. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ராணி

பெம்பான்,
3.2.2025

ராணி,

நன்றாகப் பாராட்டு வாங்கு. வருஷத் திதிக்கு நான் விளக்கேற்றக் கூடாதாம், திலகா ஏற்றுவாளாம். படுக்கையில் கிடந்த மாமிக்குக் கடைசிவரை சோறு ஊட்டியவள் நான். திதிக்குள் படத்தை எடு. வேறெதுவும் கேட்கவில்லை.

மலர்

மலாக்கா,
10.2.2025

அன்பு மலருக்கு,

எடுத்துவிட்டேன்! அதோடு விடவில்லை. "மலர் வரமாட்டேன் என்றாள், நான்தான் இழுத்தேன்" என்று நூலக ஃபேஸ்புக் பக்கத்திலேயே மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். மாமிக்கு நீ சோறு ஊட்டியதையும், இப்போது விளக்கேற்ற விடாததையும் எழுதினேன். படித்தவர்கள் எல்லாம் கண்கலங்கினார்களாம். திலகாவும் படிக்கட்டும்.

என்றும் உன் ராணி

பெம்பான்,
24.2.2025

விஜயராணி அவர்களுக்கு,

திலகா படித்தாள். வீட்டு விஷயத்தைச் சந்தி சிரிக்க வைத்தேன் என்று அவர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். திதி முடிந்தது. திலகா விளக்கேற்றினாள். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் மன்னிப்புக்கு அந்தப் படத்தைவிட லைக் அதிகமாமே.

நூலக அட்டையை இதோடு அனுப்பியிருக்கிறேன். இனி எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன், எழுதினால் அதையும் போட்டுவிடுவீர்கள்.

திருமதி தேவமலர் காந்தன்