புரட்டாத கல்

3-2-2025, திங்கள்
என் ‘நடுநாட்டு அரசர்கள்’ இரண்டாம் பதிப்பின் மெய்ப்பை அச்சகத்திலிருந்து அய்யூப் அனுப்பியிருக்கிறார். மாதக் கடைசியில் அச்சேறும். ஏழாம் இயலில் நின்றுவிட்டேன். கீழ்பென்னாத்தூர்க் கல்வெட்டில் ‘ராஜராஜனுக்கு யாண்டு பதினைந்து’ என்றுதான் இருக்கிறது. எந்த ராஜராஜனின் ஆட்சியாண்டு என்று இல்லை. முதலாமவன் என்று வைத்து இயல் முழுவதையும் கட்டினேன். 1989இல் மேல்பக்கம் மட்டும்தான் தாள் ஒற்றி மைப்படி எடுத்தேன். கல் பம்புசெட் அருகே துவைகல்லாகக் கிடந்தது. துவைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் புரட்டித் தரச் சொல்லக் கூச்சம். அடிக்குறிப்பில் ‘மறுபக்கத்தில் எழுத்து இல்லை’ என்று எழுதினேன். பார்க்காமலே.

4-2-2025
அய்யூப்பிடம் சொல்லிவிட்டேன். “முப்பத்தாறு வருஷமா ஒருத்தரும் கேக்கல. நீங்க ஏன் சார் ஜாஸ்தி யோசிக்கிறீங்க?” என்றார். பிறகு அவரே, “சரி, போய்ப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்.” நல்ல மனிதர்.

12-2-2025
பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம், பஸ் கிடைக்காது என்று போகவில்லை. முந்தைய ஏழு நாளும் என்ன பௌர்ணமியா?

15-2-2025, சனி
போனேன். அதே அம்மாள்தான். பெயர் ரேணுகாம்பாள் என்று இன்றுதான் தெரியும். அவர் மகன் வல்லரசு கடப்பாரை போட்டு நெம்பினார்.

அடியில் ஆறு வரி. மண்ணைக் கழுவியதும் தானம் கொடுத்தவன் பெயர் தெரிந்தது: ஒரு சம்புவராயன். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஏது சம்புவராயன்? அந்தக் குறுநில மன்னர்கள் ஓங்கியது மூன்றாமவன் காலத்தில்தான். இருநூற்று முப்பது ஆண்டு பிசகு — என் ஒரே புத்தகத்தில். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னா சார், ஏதாச்சும் தப்பா?”

“கல்லுல இல்லீங்க. நான் எழுதினதுல.”

“அப்பவே கேட்டிருந்தா பொரட்டிக் குடுத்திருப்போமே. நான் என்னா கடிச்சா துன்னுடுவேன்?” மோர் கொண்டுவந்து கொடுத்தார். “ராசா பேரு மேல இத்தன வருசம் சோப்பு போட்டிருக்கேன். அவரே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் சார் கலங்குறீங்க?”

சிரித்துவிட்டேன். அந்த மோருக்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்?

27-2-2025
ஏழாம் இயலை எடுத்துவிட்டு நான்கே பக்கம் புதிதாக எழுதினேன். சோழன் பெயரளவில் அரசன். ஊரை ஆண்டவன் சம்புவராயன். பழையதைவிட இதில்தான் நடுநாடு தெரிகிறது. அடிக்குறிப்பு: ‘முதற்பதிப்பில் மறுபக்கத்தைப் பார்க்காமலே எழுத்து இல்லை என்று எழுதினேன். கல்லைப் புரட்டித் தந்தவர்கள் ரேணுகாம்பாள், வல்லரசு.’

“இது வேணுமா சார்?” என்றார் அய்யூப்.

“வேணும்.”

அப்படியே அச்சுக்குப் போனது.

9-3-2025, ஞாயிறு
அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு வாசற்படியில் எழுத்து. பாதி சுவருக்குள் போகிறது. வெளியே ஆறு நிமிடம் நின்றேன். பிறகு கதவைத் தட்டினேன்.