தீனித்தட்டு காலியானது

என்னங்க,

நான் சௌக்கியம். நீங்களும் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? அத்தைக்கு முழங்கால் வலி குறைஞ்சுதா?

இங்கே இறால் பண்ணையில ஒரு கூத்து நடந்தது, பயப்படாம படிங்க. ஒரு குளத்துல இறால் தீனி எடுக்காம சோர்ந்து கிடந்தது. அடியில சேர்ந்த கழிவு அழுகி, தண்ணி கெட்டுப்போச்சு. மேலாளர் கிருமியைக் கொல்ற மருந்தைக் கொட்டச் சொன்னார். "கழிவைத் தின்கிற நல்ல பாக்டீரியாவை விடலாம் சார், கொஞ்சம் பொறுங்க"ன்னு கெஞ்சினேன். "இறால் செத்தா நீதாம்மா பதில் சொல்லணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ஒரு டிரம்முல வெல்லப்பாகு கரைச்ச தண்ணியில பாக்டீரியாவை வளர விட்டேன். பதற்றத்துல டிரம் மூடியை இறுக்கிட்டேன். உள்ளே வாயு சேர்ந்து, மேலாளர் எட்டிப் பார்க்க வந்த நேரம் மூடி பறந்துடுச்சு! ரெண்டு பேரும் புளிச்ச பாகுல குளிச்சோம். அடி ஒண்ணும் படலை. அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டே, "உன் பாக்டீரியாவுக்கு ரொம்பத்தான் வேகம்"னு சிரிச்சுட்டார்.

மிச்சத்தைக் குளத்துல ஊத்தினோம். அப்புறம் தினமும் புதுசா வளர்த்து விட்டேன். நேத்து, குளத்துக்குள்ள தீனி வெச்சு இறக்கின தீனித்தட்டைத் தூக்கினா, வழிச்சுத் தின்ன மாதிரி சுத்தமா இருந்தது! கரையில வேற யாரும் இல்லை. "வயிறு நிறைஞ்சுதா?"ன்னு இறாலையே கேட்டேன்.

உங்க பழைய சட்டை ரெண்டு அனுப்புங்க, குளத்து வேலைக்கு ஆகும். துவைக்காம அனுப்பினாலும் பரவாயில்லை.

தபால் எடுத்துட்டுப் போற வண்டி ஹாரன் அடிக்குது. பாப்பாவுக்கு முத்தம்.

உங்க வீட்டுக்காரி