சாரா உம்மாவின் திங்களும் வியாழனும்

பள்ளிவாசல்துறை,
14.11.2014, வெள்ளி.

அன்பு மகள் நுஸ்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா என் சொந்தக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் ஒன்றும் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. பள்ளிவாசல் மண்டபத்தில் எங்களைப் போன்ற கிழவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிற கைருன்னிஸா டீச்சர் போன கிழமை என் கொப்பியைப் பார்த்து, "தாஹிர் நானா, இப்ப வாசிக்க ஏலும்" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் உம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு சொல் சொல்ல விடுவதில்லை. இப்போதும் எதிரில் இருந்து அரிசி களைகிறாள். "என்னத்த எழுதுறீங்க?" என்று கேட்டாள். வெங்காய விலை என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அல்ஹம்துலில்லாஹ்.

மகள், உன் உம்மாவோடு எனக்கு முடியவில்லை. ரமழான் நோன்பைச் சொல்லவில்லை. நீ குவைத்துக்குப் போன அன்று அவள் ஒரு நேர்ச்சை வைத்தாள். நீ வீடு வந்து சேரும் வரைக்கும் திங்கட்கிழமை தோறும் நோன்பு. பிள்ளைக்காகத்தானே என்று நானும் விட்டேன். போன மாதம் நீ, வேலை செய்கிற வீட்டு மடம் இன்னும் இரண்டு வருஷம் நிற்கச் சொல்கிறா என்று போனில் சொன்னாய் அல்லவா? அடுத்த கிழமையே வியாழனையும் சேர்த்துக்கொண்டாள்.

சீனி வருத்தக்காரி, வயிற்றில் புண்ணும் இருக்கிறது. விடியமுன் சஹருக்கு எழும்பினால் சோறு தின்கிறாளா? ஒரு மிடறு தண்ணீர், சீனிக்கு டொக்டர் தந்த குளிசை, அவ்வளவுதான். கெஞ்சினேன், ஏசினேன். கடைசியில் அவளிடம், "நீ நோன்பு பிடிச்சா நானும் பிடிப்பேன்" என்றேன். என் வயிறு உனக்குத் தெரியும். விடியவே வெறும் வயிற்றில் பிளேன்டீயும் பீடியும், பிறகு நாள் முழுக்க நெஞ்செரிவும் ஏப்பமும். ரமழானில் நோன்பு திறந்த கையோடு பற்றிஸும் ரோல்ஸும் தின்றுவிட்டுப் பாயில் புரள்கிறவன் நான். நான் முனகுவதைப் பார்த்துப் பயந்து அவளும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. திங்கட்கிழமைக்கு யார் பற்றிஸ் பொரிக்கிறது? ஈத்தம்பழமும் கஞ்சியும்தான். பகலில் தேத்தண்ணீர் இல்லை, பீடி இல்லை. நெஞ்செரிவு போன இடம் தெரியவில்லை. காலையில் வயிறு ஒழுங்காகப் போகிறது. நல்ல உறக்கம் வருகிறது. ஆட்டோக்கார ஜப்பார் என்னைக் கருவாட்டு வாடியில் கண்டுவிட்டு, "என்ன நானா, மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க, பொண்ணு பாக்கவா?" என்றான். உன் உம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, ஒங்களுக்கு மருந்து, எனக்கு மட்டும் நஞ்சா?" என்கிறாள். பயமுறுத்தப் போன என்னாலேயே அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

போன வியாழன் பின்னேரம் அஸருக்குப் பிறகு, வெயிலில் கருவாடு புரட்டிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறியது. ஜப்பாரின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி ஏற்றிக் கண் திறந்ததும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "நோன்பு தெறக்க மஃரிப் பாங்கு சொல்லிட்டாங்களா?"

டொக்டரிடம் என் வயிற்றுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, ஒங்கட வயித்துக்கு ஓய்வு கிடைச்சிருக்கு, அது சுகம்தான். அம்மாக்கு அப்படி இல்ல. குளிசையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சீனி ஒரேயடியா இறங்கும். புண்ணும் ஆறாது. இன்னொருக்கா விழுந்தா எழும்பாமலும் போகலாம்" என்றார். அவளும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "மகளுக்குச் சொன்னீங்க எண்டா ஒங்களோட கதைக்க மாட்டேன்" என்றாள்.

மௌலவியைக் கூட்டி வந்தேன். "உசிரக் கெடுத்துக்கிட்டு நேர்ச்சை இல்ல சாரா உம்மா. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு குடுங்க, அல்லாஹ் பொறுத்துக்குவான்" என்று பொறுமையாகச் சொன்னார். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "சாப்பாடு குடுத்தா மகள் வந்துருவாளா மௌலவி?" என்று கேட்டாள். மௌலவி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். இந்தத் திங்களும் நோன்பு பிடித்தாள். நேற்றும் பிடித்தாள். நேற்று முழுக்கச் சீனித் தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தேன். வாடியில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பு இல்லை, டொக்டர் சொல்லுக்கும் இல்லை. நீ சொன்னால் கேட்பாள். போன் எடுத்து, சாப்பிடுங்க உம்மா என்று சொல். உடனே எப்ப வாறாய் என்றுதான் கேட்பாள். அதற்கு நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். மடத்தின் பேப்பரில் ஒப்பம் வைத்துவிட்டாயா என்றும் கேட்க மாட்டேன். வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று, கதவும் வைத்தாயிற்று. மதில்தான் பாக்கி என்கிறாய். மதில் வேண்டாம் மகள். ஆடு வந்தால் நான் விரட்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஞாயிறு குவைத் திரும்புகிற ஜப்பாரின் மகனிடம் கொடுத்து விடுகிறேன். உன் உம்மா கேட்டால் வெங்காய விலை என்றே சொல். வருகிற வெள்ளியும் எழுதுவேன். வியாழன் பகல் உன் உம்மா என்னோடு உட்கார்ந்து சோறு தின்றாள் என்று அதில் எழுத அல்லாஹ் எனக்குக் கிருபை செய்யட்டும். உன்னைச் சுகத்தோடு எங்கள் கண்ணில் காட்டட்டும்.

துஆவுடன்,
உன் வாப்பா
தாஹிர்